பாலத்தைப் பிள்ளைகளே கட்டட்டும்: பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

பிள்ளைகளின் செயல்திட்டத்தைக் கண்விழித்துச் செய்துதரும் பெற்றோர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் ஆசிரியை. போன ஆண்டு எங்கள் கண்காட்சியில் ஐஸ் குச்சிகளால் செய்த இரண்டு பாலங்கள் அருகருகே இருந்தன. ஒன்று அளவெடுத்து அறுத்து, வண்ணம் பூசி, விளக்கும் பொருத்தியது. மற்றது கோணல், எல்லா மூட்டிலும் பசை வழிந்து காய்ந்திருந்தது. அழகான பாலத்துக்கே முதல் பரிசு கொடுத்தோம். நடுவர்களில் நானும் ஒருத்தி.

பரிசு கொடுத்த பிறகுதான் அந்தப் பையனிடம், "குச்சிகளை ஏன் குறுக்காக ஒட்டியிருக்கிறாய்?" என்று கேட்டேன். "அப்பாவுக்குத்தான் தெரியும், டீச்சர்" என்றான். கோப்பையை மேசையில் வைத்தவன், அதை மறுபடி கையில் எடுக்கவேயில்லை.

கோணல் பாலத்துக்காரி கேட்காமலேயே சொல்லத் தொடங்கினாள். சதுரம் சதுரமாக ஒட்டினாளாம். பக்கவாட்டில் சாய்ந்து மூன்று முறை விழுந்ததாம். நான்காம் முறை முட்டுக்கொடுக்க ஒரு குச்சியைக் குறுக்கே ஒட்டினாள், அசையாமல் நின்றுவிட்டது. சதுரம் நெளியும், முக்கோணம் நெளியாது என்பதை அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை. பெரிய இரும்புப் பாலங்களைத் தாங்குவதும் அதே முக்கோணம்தான். அவளுக்கு ஆறுதல் பரிசுகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே என்று இன்றும் எனக்கு உறுத்துகிறது.

கைப்பட உழைத்துப் பெற்றது மனத்தில் தங்கும் விதமே வேறு. 1978இல் வெளியான ஓர் ஆய்வில் சிலருக்குச் சொற்களை முழுதாகக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வேறு சிலருக்கு ஒரு துப்புச் சொல்லையும் விடையின் முதல் எழுத்தையும் மட்டும் கொடுத்து, மிச்சத்தை அவர்களே கண்டுபிடிக்க வைத்தார்கள். பிறகு சோதித்தபோது, தாமாகக் கண்டுபிடித்த சொற்களே நன்றாக நினைவில் நின்றன. ஒரு சொல்லுக்கே இப்படியென்றால், மூன்று முறை விழுந்து எழுந்த பாலத்துக்கு?

உழைத்துப் பெறுவதில் எலிகளுக்கும் ஒரு பிடிப்பு உண்டு. 1963இல் கிளென் ஜென்சன் என்ற உளவியலாளர் கிண்ணம் நிறைய இரை வைத்தார். பக்கத்தில், அழுத்தினால் இரை விழும் நெம்புகோலையும் வைத்தார். சும்மா கிடைக்கும் இரை அருகிலேயே இருந்தும், எலிகள் நெம்புகோலை அழுத்தி இரை தேடின.

உதவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பசியோடும் நோயோடும் போராடும் குழந்தையிடம் முயற்சியின் பெருமையைப் பேசுவது கொடுமை. மற்றப் பிள்ளைகளுக்கும் துணை வேண்டும்தான். அந்தத் துணையை 1976இல் உட், புரூனர், ராஸ் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் கட்டடத்துச் சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். சுவர் எழும்வரை சாரம் தாங்கும், எழுந்ததும் பிரித்துவிடுவார்கள். நாமோ சாரத்தையே வீடு என்று காட்டிப் பரிசு வாங்குகிறோம்.

உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. பக்கத்து மேசையில் பளபளப்பான மாதிரி இருக்கும்போது, நம் பிள்ளையின் கோணல் மாதிரி அவமானமாகத் தெரியும். அந்தப் பளபளப்புக்குப் பரிசு கொடுத்து உங்களை இந்தப் பழக்கத்துக்குத் தள்ளியது எங்களைப் போன்ற நடுவர்கள்தாம். அதை மாற்ற வேண்டியதும் நாங்களே.

அதனால் இந்த ஆண்டு மாதிரியைப் பார்க்கும் முன் பிள்ளையிடம் பேசப்போகிறேன். எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்பேன்; பாதி மதிப்பெண் அதற்குத்தான். கூர்மையான கத்தியை மட்டும் நீங்கள் பிடியுங்கள். பசையையும் குச்சியையும் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். சாய்ந்து நிற்கும் பாலங்களுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் ஆசிரியை