புக்காரெஸ்ட் வார இதழ் ஒன்றைப் பற்றி நண்பனுக்கு

புக்காரெஸ்ட்,
நவம்பர் 2024

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து காலை நடையை மறுபடியும் தொடங்கியிருக்கிறாய் என்று படித்து நிம்மதியடைந்தேன். இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கும் கிளம்பிய பிறகு வீட்டில் எனக்குப் பெரிதாக வேலை இல்லாததால் நூலகத்துக்குப் போய்விடுகிறேன். பிளோயெஷ்தியில் நாம் எண்ணெய்ப் பொறியியல் படித்த ஆண்டுகளில் வெளிவந்த ‘ரொமானியா லிதெராரா’ என்ற இலக்கிய வார இதழின் பழைய தொகுதிகளைத்தான் அங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஜனவரி தோறும் ருமேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் படத்தை முதல் பக்கத்தில் போட்டு வாழ்த்துப்பா பாடிய ஏட்டைக் கொண்டாட என்ன இருக்கிறது என்று நீ கேட்டிருக்கிறாய். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் முதல் பக்கத்தை மட்டும் வைத்து அந்த ஏட்டுக்குத் தீர்ப்பு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்த ஏடு எப்படிப்பட்ட வேளையில் பிறந்தது என்பதை முதலில் நினைத்துப் பார். எழுத்தாளர் சங்கத்தின் வார ஏடாக 1954 முதல் வந்துகொண்டிருந்த ‘கசெட்டா லிதெராரா’ நின்று, 1968 அக்டோபர் 10 அன்று கவிஞர் ஜியோ துமித்ரெஸ்குவை ஆசிரியராகக் கொண்டு ‘ரொமானியா லிதெராரா’ வெளிவந்தது. கவிஞர் அலெக்சாந்திரி 1855இல் யாஷ் நகரில் நடத்திய இதழின் பெயரையே அதற்கு வைத்தார்கள். செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் தலைமையிலான படைகள் நுழைந்ததை சௌசெஸ்கு வெளிப்படையாகக் கண்டித்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. எழுதுகிறவர்களுக்கு மூச்சுவிடச் சற்று இடம் கிடைத்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் அந்த இடமும் போய்விட்டது. சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் போய்த் திரும்பிய சௌசெஸ்கு, 1971 ஜூலை 6 அன்று கலையும் இலக்கியமும் கட்சியின் கல்விப்பணிக்கு அடங்கியே நடக்க வேண்டும் என்ற பதினேழு கருத்துரைகளை முன்வைத்தார். அப்போது இதழின் ஆசிரியராக இருந்த நாவலாசிரியர் நிகோலாயே பிரேபான் பாரிஸில் இருந்தார். அங்கிருந்தபடியே எதிர்ப்பைத் தெரிவித்துப் பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் இவாஷ்கு 1988இல் இறக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். அவர் 1950களின் தொடக்கத்தில் இதே ஆட்சியின் சிறையில் இருந்தவர். முதல் பக்கத்தில் என்ன கேட்டாலும் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக உள்பக்கங்களைக் காப்பாற்றிய மனிதராக நான் அவரைப் பார்க்கிறேன். பேரம் என்று இதை நீ சொல்லலாம். பேரம்தான்; அதன் விலை சிறியதல்ல என்பதையும் நான் மறுக்கவில்லை.

1980களின் ஜனவரி இதழ்களைப் புரட்டும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஜனவரி 7 சௌசெஸ்குவின் மனைவி எலெனாவின் பிறந்த நாள், ஜனவரி 26 சௌசெஸ்குவின் பிறந்த நாள். அகன்ற தாளில் படம், சுற்றிலும் வாழ்த்துரைகள், அவற்றின் கீழே நாம் அறிந்த, மதித்த சில பெயர்களும். அவற்றைக் கடந்து உள்ளே போனால் தொனி மாறுகிறது. ஒரு பக்கத்தில் யாருக்கும் தலைவணங்காத கவிதைகள், இன்னொன்றில் கவிஞர் ஆனா பிளாந்தியானாவின் ‘அட்லஸ்’ பத்தி, மற்றொன்றில் விமர்சகர் நிகோலாயே மனோலெஸ்குவின் வாராந்தர நூல் மதிப்புரை. மனோலெஸ்கு 1962இல் ‘கான்டெம்பொரானுல்’ வார ஏட்டில் மதிப்புரை எழுதத் தொடங்கி, 1970களின் தொடக்கத்தில் அதை இங்கே கொண்டுவந்து, ஆட்சி விழுந்த பிறகும் விடாமல் எழுதியவர்.

நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அந்த மதிப்புரையைப் பற்றித்தான். அவர் அரசை எதிர்த்து ஒரு வரிகூட அங்கே எழுதியிருக்க முடியாது, எழுதியிருந்தால் அச்சேறியிருக்காது. அவர் செய்தது வேறு. ஒரு நாவல் வந்தால் அதன் கட்டமைப்பு நிற்கிறதா, பாத்திரங்கள் உயிரோடு இருக்கிறார்களா, மொழி புதிதாக இருக்கிறதா என்று மட்டுமே கேட்டார். எழுதியவருக்குக் கட்சியில் என்ன பதவி என்று கேட்கவில்லை. முதல் தொகுப்பு வெளியிட்ட பெயரறியாக் கவிஞரை ஒரு முழுப் பக்கத்துக்குப் பேசினார். அரண்மனைக் கவிஞர்களின் தடித்த தொகுப்புகளைப் பற்றிப் பேசாமலே இருந்தார். அந்த மௌனம் நாடு முழுவதற்கும் கேட்டது. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளந்த அரசின் கீழ், இலக்கியத்துக்கென்று தனி அளவுகோல் உண்டு என்பதை வாரந்தோறும் செய்து காட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்த வயதில்தான் எனக்கு முழுமையாக விளங்குகிறது. மாணவர்களுக்காக அவர் நடத்திய ‘திங்கட்கிழமை வட்ட’த்தை 1983இல் மூடிவிட்டார்கள் என்பது உனக்கு நினைவிருக்கும், அங்கே கவிதை வாசித்தவர்களில் ஒருவரான மிர்ச்சா கர்தரெஸ்குவின் முதல் கவிதைகள் 1978இல் இந்த இதழில்தான் வெளிவந்தன.

தணிக்கையைப் பற்றி நீ எழுதியதில் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். தணிக்கை அலுவலகத்தை 1977இல் அரசே கலைத்துவிட்டது என்று நீ சொல்வது உண்மை. அதனால் நிலைமை இன்னும் கடினமானது. முன்பு சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் ஒரு வரிக்காக வாதாடலாம். பிறகு வாதாட ஆளில்லை. ஒவ்வொரு துணையாசிரியரும் தன் வேலையையும் குடும்பத்தையும் நினைத்துத் தானே அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதன் எழுத்து மாதிரியைக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1983இல் ஆணையும் வந்தது. அந்தச் சூழலில் வாசகர்கள் வரிகளுக்கு நடுவே வாசிக்கப் பழகினார்கள். தணிக்கையைத் தாண்டி நழுவி வந்த வரிகளைப் ‘பல்லிகள்’ என்றார்களே, அவற்றைத் தேடித்தான் நம் விடுதியில் இதழ் கைமாறியது. தொலைக்காட்சி ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும், அதிலும் பெரும்பகுதி தலைவரைப் பற்றி என்றான பிறகு, குளிர்ந்த அறையில் கையுறையோடு உட்கார்ந்து படிப்பதற்கு அந்த ஏட்டைவிட வேறென்ன இருந்தது? நமக்கு அதைக் கொடுத்த உள்ளூர் மாணவன் ஒருவன், வெளிநாட்டவருடன் பேசியதை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டத்துக்குப் பயந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் படிக்கட்டில் இதழை வைத்துவிட்டுப் போவான். அவன் நிலையில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

எதிர்முகாமையும் மறக்கக் கூடாது. நாவலாசிரியர் யூஜென் பார்புவின் ‘சப்தமானா’ வார ஏடு அதிகாரத்தின் ஆதரவோடு தேசியப் பெருமையை உரக்கப் பேசியது. 1980இல் யூத வெறுப்பு நிறைந்த தலையங்கத்தையும் வெளியிட்டது. இரண்டு ஏடுகளும் ஒரே காகிதத்தில், ஒரே ஆட்சியின் கீழ், ஒரே வாழ்த்துப் படங்களோடு வந்தவைதான். ஆனால் எதை ஆதரித்தன, யாரைத் தாக்கின என்று பார்த்தால் அவற்றை ஒன்றென்று சொல்ல யாருக்கும் மனம் வராது. பாரிஸிலிருந்து, நாட்டை விட்டு வெளியேறியிருந்த விமர்சகர் மோனிகா லோவினெஸ்கு ‘சுதந்திர ஐரோப்பா வானொலி’க்காக வழங்கிய நிகழ்ச்சிகளில் இங்கே அச்சான எழுத்தைத்தான் எடை போட்டார். அதற்காக 1977 நவம்பரில் தன் வீட்டு வாசலில் கொடுமையாகத் தாக்கப்பட்டவர் அவர். உள்ளே மனோலெஸ்குவும் வெளியே அவரும் ஒருவர் குரலுக்கு மற்றவர் வலுச்சேர்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி பிளாந்தியானா. 1984 டிசம்பரில் ‘அம்ஃபிதியாத்ரு’ என்ற மாணவர் இதழ் அவருடைய நான்கு கவிதைகளை வெளியிட்டதும், இதழைத் திரும்பப் பெற்றதும், கையெழுத்துப் படிகள் நம் விடுதிவரை வந்ததும் நீ அறிந்ததே. ‘ரொமானியா லிதெராரா’வில் அவருடைய பத்தி 1988 வரை வந்தது. அந்த ஆண்டு குழந்தைகளுக்காக அவர் எழுதிய நூலில் அர்பஜிக் என்ற பூனை தெருவின் நாயகனாக உலா வந்தது; வாசகர்கள் அதில் சௌசெஸ்குவையே கண்டார்கள். அதோடு அவர் எழுத்துக்குத் தடை. தொகுதியில் அந்த மாதங்களைத் தேடிப் புரட்டினேன். அவர் பெயர் ஓர் இதழில் இருக்கிறது. அதன் பிறகு இல்லை. விளக்கமாக ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை.

மிர்ச்சா தினெஸ்குவின் கதை அதைவிட வெளிப்படையானது. இதே இதழில் பணியாற்றிய கவிஞர் அவர். 1989 மார்ச்சில் ‘லிபெராசியோன்’ என்ற பிரெஞ்சு நாளேட்டுக்கு அளித்த நேர்காணலில் சௌசெஸ்கு ஆட்சியை நேரடியாக விமர்சித்தார். வேலை போயிற்று, வீட்டுக்காவல் வந்தது. ஜியோ போக்சா, ஒக்தாவியன் பாலெர், ஆந்த்ரெய் ப்ளேஷு, மிஹாய் ஷோரா உள்ளிட்ட ஏழு பேர் அவருக்காக எழுத்தாளர் சங்கத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஏழு பேர்தான் என்று நீ சொல்வாய். நான் அந்த ஏழு கையெழுத்துகளையும் பெரிதாகவே எண்ணுகிறேன். டிசம்பர் 22 அன்று மக்கள் அவரை வீட்டிலிருந்து அழைத்துப் போய்த் தொலைக்காட்சி நிலையத்தில் நிறுத்தினார்கள். சர்வாதிகாரி ஓடிவிட்டார் என்ற செய்தியை நாடு அவர் வாயிலிருந்தும் கேட்டது.

பின்னாளில் இரகசியக் காவல் அமைப்பான செக்யூரிதாதேயின் கோப்புகள் திறக்கப்பட்டபோது, எழுத்தாளர்களிடையே தகவல் கொடுத்தவர்களும் இருந்தது வெளியாயிற்று. அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. உன் கோபத்துக்கு அது போதுமான காரணம். ஆனால் அதே பக்கங்களில் வாரந்தோறும் நேர்மையாக எழுதியவர்களின் உழைப்பை அந்தக் கோப்புகள் அழித்துவிடவில்லை.

மனோலெஸ்கு இந்த ஆண்டு மார்ச்சில் காலமானார். அவருடைய 1980களின் மதிப்புரைகளில் சிலவற்றைத் தமிழில் கொண்டுவரலாமா என்று யோசிக்கிறேன். கர்தரெஸ்குவின் தலைமுறைக் கவிஞர்களைப் பற்றிய கட்டுரைகளிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். நம் காலத்து ருமேனிய–ஆங்கில அகராதி உன்னிடம் இன்னும் இருந்தால் பத்திரப்படுத்து. முதல் கட்டுரையின் வரைவைத் தை மாதத்துக்குள் அனுப்புகிறேன், தயவு தாட்சண்யம் பாராமல் திருத்திக் கொடு. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்