செயலாளரின் ஆண்டறிக்கை: ரோத்தானும் போலீஸ் ரிப்போர்ட்டும்

தலைவர் அவர்களே, செயலவையினரே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சென்ற ஆண்டுக்கூட்டக் குறிப்பு உங்கள் கையில் இருக்கிறது. தீபாவளிக்கு அரிசி, எண்ணெய் வழங்கினோம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் மரண சகாய நிதியும் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தாமான் (குடியிருப்புப் பகுதி) திடல் விளக்கு இன்னும் எரியவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

இந்த ஆண்டு செயலவையில் அதிக நேரம் பிடித்தது இளைஞர் பிரிவின் கையெழுத்து மனு. சிறுமிகள் மேல் கை வைப்பவனைத் தூக்கில் போட வேண்டும், இல்லையென்றால் ரோத்தானையாவது, அதாவது பிரம்படியையாவது, கூட்ட வேண்டும் என்று சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய மனு. பெரியவர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "அறுத்து விடணும் தம்பி, அதோட அடங்குவான்" என்றார். அவருக்கும் பேத்திகள் இருக்கிறார்கள்.

கோபத்தில் குறை சொல்வதற்கில்லை. மனுவில் இருந்த செய்திகளில்தான் குறை. ஐம்பதைத் தாண்டியவனுக்கு ரோத்தான் இல்லை என்று எழுதியிருந்தார்கள். நம் மலேசியச் சட்டத்தில் பொது விதி அதுதான். ஆனால் பாலியல் வன்புணர்வுக்கு அந்தச் சலுகை கிடையாது. 12 வயதுக்குக் குறைந்த சிறுமி என்றால் 10 முதல் 30 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. 2017-ல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில், 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தகாத நோக்கத்தோடு தொட்டாலே 20 ஆண்டு வரை சிறை. செய்தவன் உறவினன், ஆசிரியர், பயிற்றுநர் போன்ற நம்பிக்கைக்குரியவன் என்றால் அதற்கு மேல் 5 ஆண்டு வரை கூடும். பிள்ளையின் வாக்குமூலம் மட்டுமே இருந்தாலும் நீதிமன்றம் தண்டிக்கலாம்.

அப்படியானால் மக்களுக்கு ஏன் எரிகிறது? காரணம் இருக்கிறது. 13 வயதுச் சிறுமியின் வழக்கில் தேசிய போலிங் ஆட்டக்காரர் ஒருவருக்கு உயர்நீதிமன்றம் விதித்த 5 ஆண்டுச் சிறையை, 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிவிட்டு நன்னடத்தை ஜாமீனில் அனுப்பியது. இப்படி 12 வயதைத் தாண்டிய சிறுமி சம்மதித்ததாகக் கொள்ளப்படும் வழக்கில் உச்சவரம்பு 20 ஆண்டு இருக்கிறதே தவிர, குறைந்தபட்சத் தண்டனை இல்லை. அந்த ஓட்டையைப் பற்றி மனுவில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு வியப்பு. நன்னடத்தைக்காகச் சிறையில் மூன்றில் ஒரு பங்கு கழிவதையும் பலர் அறியவில்லை.

ஆனால் மகளிர் பிரிவினர் பேசிய பிறகுதான் விவாதம் வேறு பக்கம் திரும்பியது. நம் வட்டாரத்தில் இந்தக் காரியங்கள் நீதிமன்றம் வரை போவதே அரிது. பழைய தோட்டத்து லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டு) காலத்திலிருந்து வந்த பழக்கம் இன்னும் போகவில்லை: பெரிய மனிதர்கள் இரண்டு பேர், கோயில் கமிட்டியில் ஒருவர், ஒரு வீட்டுக் கூடம், "பெண்ணு பேரு கெட்டுப் போகும், பேசி முடிச்சுடலாம்." சில வெள்ளி (ரிங்கிட்) கைமாறும். செய்தவன் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து போகிறவன்தான், மாமாவோ சித்தப்பாவோ. தூக்கு என்று சட்டம் வந்தால், சொந்தத் தம்பியைக் காட்டிக் கொடுக்க எந்த அக்கா போலீசுக்குப் போவாள் என்று ஒரு தாயார் கேட்டார். இளைஞர்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் கிடைக்கவில்லை.

இங்கே சங்கத்தையே தொடும் செய்தி ஒன்று. அதே 2017 சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, சிறார் மேல் நடந்த பாலியல் குற்றத்தை அறிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். பேசி முடிக்க உட்காரும் பெரிய மனிதரும் இதற்குள் வருவார். அங்கே நான் உட்கார்ந்தாலும் அப்படித்தான்.

ஆகவே செயலவை முடிவு செய்தது: சங்கத்தின் பெயரிலோ, பொறுப்பாளர் யாரும் தனியாகவோ இத்தகைய விஷயத்தில் சமரசம் பேசக்கூடாது. பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டும். போலீஸ் ரிப்போர்ட்டுக்கான ஏற்பாட்டை அங்கேயே கேட்கலாம். இரவு நேரம் என்றால் 15999, தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவித் தொலைபேசிக்கு அழைக்கலாம். காரும், கூடவே இருக்கப் பெண் ஒருவரும் ஏற்பாடு செய்வது மகளிர் பிரிவின் பொறுப்பு. பெட்ரோல் செலவு சங்கத்தினுடையது.

மனுவுக்குத் தனியாகக் கையெழுத்திட விரும்புவோரைச் சங்கம் தடுக்காது. சங்க முத்திரை வேண்டுமானால் குறைந்தபட்சத் தண்டனை பற்றிய கோரிக்கையைச் சேர்த்து, தூக்கு என்ற வரியை எடுக்க வேண்டும் என்று செயலவை கருதுகிறது. செயலவையிலேயே இதை எல்லாரும் ஒப்பவில்லை. திருத்தத்தைத் துணைத்தலைவர் முன்மொழிவார். வாக்கெடுப்பு தேநீருக்கு முன்னால்.