விட்டுப்போன ஒற்றுக்கும் சேர்த்து நன்றி

அன்புள்ள சபையாருக்கும், சபையைச் சேராமலேயே வந்து தோள்கொடுத்தவர்களுக்கும்,

வணக்கம். 'தோத்திரம்' என்று தொடங்கியிருந்தால் உங்களில் பலருக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். அந்தச் சொல் என் நாவில் இன்னும் சரியாக உட்காரவில்லை. பழகாத சொல்லைப் பாசாங்காக எழுதுவதைவிட வணக்கமே மேல் என்று விட்டுவிட்டேன்.

இந்த மாத இதழில் இரண்டு பக்கம் காலியாக இருக்கிறது, எழுத ஏதாவது இருக்கிறதா என்று போதகர் ஐயா கேட்டார். ஆலயத் தாழ்வாரத்தில் 14 மாதங்கள் படுத்துக் கிடந்தவனிடம் இந்தச் சபை கேட்ட முதல் கைம்மாறு இதுதான். அதுவும் பக்கம் நிரப்புவதற்காக! இத்தனை நாளில் ஒருமுறைகூட என்னை எழுப்பி நிறுத்தி, "சாட்சி சொல்லுங்கள்" என்று நீங்கள் கேட்டதில்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்பது கைநீட்டி வாங்கியவனுக்குத்தான் தெரியும். வேறோர் இடத்தில் ஒரு போர்வை வாங்கப் போனேன். புகைப்படம் சரியாக விழவில்லை என்று அதே போர்வையை மூன்று முறை வாங்க வைத்தார்கள். மூன்றாம் முறை சிரிக்கவும் சொன்னார்கள். சிரித்தேன். போர்வை நல்ல போர்வைதான். ஆனால் போர்த்தும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

நான் தெருவுக்கு வந்த கதை நீளமானதல்ல. 30 ஆண்டுகள் பிழை திருத்திய அச்சகம் மூடப்பட்டது. வாடகை பாக்கி விழுந்தது, அறைக்குக் கொடுத்திருந்த முன்பணம் அதில் கரைந்தது, கதவில் வேறொரு பூட்டு தொங்கியது. ஒரே நாளில் மனிதன் தெருவில் விழுந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை; படிப்படியாக இறங்குகிறோம். முதலில் நண்பரின் வீடு, பிறகு அவருடைய கடையின் பின்கட்டு, பிறகு பேருந்து நிலையம், கடைசியில் உங்கள் தாழ்வாரம். ஒவ்வொரு படியிலும் 'இது தற்காலிகம்தான்' என்று சொல்லிக்கொள்வோம்.

தாழ்வாரச் சுவரில் அப்போது ஒரு பலகை இருந்தது: 'இங்கு படுக்கக் கூடாது'. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. 'இங்கு' என்ற சொல்லுக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். 'இங்குப் படுக்கக் கூடாது' என்றுதான் இருக்க வேண்டும். ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவன் அந்தப் பலகைக்கு நேர் கீழே தலைவைத்துப் படுத்தால் எப்படி இருக்கும்? கண்ணை மூடினாலும் அந்த இடைவெளி தெரிந்தது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, விடியும் முன்பு மூப்பர் ஐயா டார்ச்சும் கையுமாக வந்தார். விரட்டத்தான் வந்தேன் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

"பலகையைப் படிக்கவில்லையா?" என்றார்.

"படித்தேன் ஐயா. ஒரு 'ப்' குறைகிறது."

அண்ணாந்து பலகையைப் பார்த்தார். டார்ச்சை என் முகத்துக்குத் திருப்பினார், மீண்டும் பலகைக்குத் திருப்பினார். "எங்கே?" என்றார். எழுந்து நின்று காட்டினேன். மறுநாள் பலகையைக் கழற்றித் திருத்தக் கொண்டுபோனார்கள். இன்றுவரை அது திரும்பி வரவில்லை. கேட்டால், "பெயின்டருக்கு நேரம் கிடைக்கவில்லை" என்கிறார் மூப்பர் ஐயா. நேரம் கிடைக்காத அந்தப் பெயின்டருக்கும் என் நன்றி.

அடுத்த நன்றி ஒரு சாவிக்கு. ஏழைக்கு இரக்கம் காட்டுவது என்றாலே எல்லோருக்கும் சாப்பாடுதான் நினைவுக்கு வருகிறது. தெருவில் படுப்பவனுக்கு வயிற்றைவிடப் பெரிய கவலை வயிற்றுக்குக் கீழே. சாப்பாட்டை யாராவது கொடுத்துவிடுவார்கள்; இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறையை யாரும் கொடுக்க மாட்டார்கள். அதற்குப் பயந்து மாலைக்குமேல் தண்ணீரே குடிக்காமல் கிடந்த மாதங்கள் உண்டு. நீர்க்கடுப்பு வந்ததுதான் மிச்சம். பெண்களுக்கு இந்தப் பாடு இன்னும் கொடுமை. வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர் ஒரு மாலை வந்து, சிவப்புக் கயிற்றில் கோத்த சாவியை நீட்டினார். "பின்பக்கக் கழிப்பறைச் சாவி. தொலைத்துவிடாதீர்கள் ஐயா, இருப்பதே இரண்டுதான்" என்றார். எச்சரிக்கைபோலத்தான் சொன்னார். எனக்கோ, தொலைப்பதற்கு மீண்டும் ஒரு பொருள் கிடைத்துவிட்டதே என்றிருந்தது. அன்றிரவு நடுவில் இரண்டு முறை எழுந்து சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

என் கால்களைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. மழை விடாமல் பெய்த வாரங்களில் காலணியைக் கழற்றவே மாட்டேன். கழற்றி வைத்தால் காலையில் இருக்காது. நாள்கணக்கில் ஈரத்தில் ஊறிய பாதம் வெளுத்து, சுருங்கி, மரத்துப் போகும். அதற்கு உறைபனி தேவையில்லை, ஈரமும் குளிருமே போதும். கத்தோலிக்கப் பங்கிலிருந்து வாரம் ஒருநாள் வந்த செவிலியச் சகோதரிதான் அதைக் கண்டுபிடித்தார். நான் நடப்பதைப் பார்த்தே கண்டுபிடித்தார். வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தார். ஒவ்வொரு விரலிடுக்கிலும் துணியின் முனையை நுழைத்து ஈரத்தை வாங்கினார். மரத்த பாதத்துக்கு உணர்வு திரும்பும்போது எரியும்; உயிர் போகிறாற்போல் எரியும். "எரிந்தால் நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் பாதத்தின் நாற்றம் எனக்கே தாங்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை ஆண்டுக்கு ஒருமுறை வழிபாட்டில் நினைவுகூர்வார்களாம். அவற்றில் இப்படிப்பட்ட கால்கள் இருந்திருக்கும் என்று தோன்றவில்லை.

வேலை நடக்கும்போது அவர் லாப்ரேயின் கதையைச் சொன்னார். பெனடிக்ட் ஜோசப் லாப்ரே 1748-இல் பிரான்சில் பிறந்தவர். துறவியாக ஆசைப்பட்டார், எந்த மடத்திலும் நிலைக்க முடியவில்லை. திருத்தலம் திருத்தலமாக நடந்து, கந்தல் உடுத்தி, கடைசிக் காலத்தில் ரோமில் கொலோசியத்தின் இடிபாடுகளுக்குள் படுத்துறங்கினார். 1783-இல் 35 வயதில் இறந்தார். 1881-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. வீடற்றவர்களுக்கு அவர்தான் பாதுகாவலராம். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சகோதரியிடம் அன்று சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: அவர் தெருவைத் தேர்ந்தெடுத்தார், நான் தேர்ந்தெடுக்கவில்லை. தானாக நோன்பிருப்பவனும் பட்டினி கிடப்பவனும் ஒன்றல்ல. சகோதரி கோபித்துக்கொள்ளவில்லை. "அதனால்தான் உங்களுக்குக் காலுறை கொண்டுவந்தேன், படம் கொண்டுவரவில்லை" என்றார்.

காலுறை என்றதும் பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மாவின் நோட்டுப் புத்தகம் ஞாபகம் வருகிறது. கிறிஸ்துமஸ் இரவில் எனக்கு நான்கு சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. மறுநாள் ஒன்றும் வரவில்லை. போர்வை மட்டும் மூன்று சேர்ந்துவிட்டது. அலமாரி இல்லாதவனுக்கு மூன்று போர்வை என்பது மூன்று மூட்டை. நனைந்தால் தூக்கவும் முடியாது. கொடுப்பவர்களுக்கு இது தெரிவதில்லை, குற்றம் சொல்லவும் முடியாது. தலைவி அம்மா வந்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். எளிமையான கேள்வி, அதுவரை யாரும் கேட்காத கேள்வி. காலுறை, நகவெட்டி, பல் துலக்கி, நனையாத ஒரு பை என்றேன். எழுதிக்கொண்டார். தாழ்வாரத்தில் இருந்த மற்ற நால்வரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். எந்தக் கிழமை எந்த வீடு, யாருக்குச் சர்க்கரை நோய், யாருக்குப் பல் இல்லை என்று அந்த நோட்டில் எல்லாம் இருந்தது. சபை ஆவணங்களில் பிழையில்லாமல் எழுதப்பட்ட ஒரே ஆவணமும் அதுதான் (தொழில்முறைச் சான்றிதழாக இதை எடுத்துக்கொள்ளலாம்).

காலணி தந்தவர் யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. போதகர் ஐயா வழியாக வந்தது, பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். என் அளவைக் கேட்டனுப்பி வாங்கிய புதுக் காலணி. அதைக் கொடுத்த அன்றுதான் ஐயா பேசிலைப் பற்றிச் சொன்னார். நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் செசரியாவில் ஆயராக இருந்தவர். அந்த ஊருக்கு வெளியே ஏழைகளும் நோயாளிகளும் வழிப்போக்கர்களும் தங்குவதற்கு அவர் எழுப்பிய இல்லம் அவ்வளவு பெரியது. அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரி அதைப் புதிய நகரம் என்றே வர்ணித்தார். செல்வர்களிடம் பேசில் பேசிய பேச்சு இன்னும் காரமானது. நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, உன்னிடம் மக்கிப்போகும் காலணி வெறுங்காலோடு நடப்பவனுடையது என்ற பொருளில் பேசினார். அப்படிப் பார்த்தால் நான் உங்களுக்கு நன்றி சொல்லவே வேண்டியதில்லை, என் பொருளை என்னிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். ஐயாவிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். இருந்தாலும் நன்றி சொல்கிறேன். திருப்பிக் கொடுப்பவர்கள் அப்படியொன்றும் நிறையப் பேர் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய உதவிக்குப் பணம் எதுவும் செலவாகவில்லை. ஆலய முகவரியை என் முகவரியாக எழுதிக்கொள்ளலாம் என்று சபைக் குழு ஒரு கூட்டத்தில் ஒப்புக்கொண்டது. முகவரி இல்லாதவன் வங்கிக் கணக்கு தொடங்கப் போனால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? அடையாள அட்டைக்கு? மருத்துவமனைக்கு? வேலை கேட்டு விண்ணப்பித்தால் பதில் எங்கே வரும்? கட்டம் காலியாக இருந்தால் படிவம் நகராது. படிவம் நகராவிட்டால் ஆளும் நகர மாட்டான். அலுவலக அறை அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை வைத்து, எங்கள் ஐந்து பேருக்கும் வரும் தபாலை அதில் போட்டு வைத்தார்கள். எனக்கு வந்த முதல் கடிதம், கணக்கில் போதிய இருப்பு இல்லை என்று வங்கி அனுப்பியது. அப்படியொரு கடிதத்தை உலகில் யாரும் அவ்வளவு மகிழ்ச்சியோடு வாசித்திருக்க மாட்டார்கள். உறையின் மேல் என் பெயர், அதற்குக் கீழே உங்கள் ஆலயம்.

இதே இதழுக்குப் பிழை திருத்தும்போது மத்தேயு 25-ஆம் அதிகாரம் கைக்கு வந்தது. பசியாயிருந்தவனுக்குப் போஜனம் 'கொடுத்தீர்கள்' என்று வருகிறது. அந்நியனுக்கு வரும்போது வினை மாறிவிடுகிறது: "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்." பல தடவை படித்த வரிதான், அன்று பேனா நின்றுவிட்டது. வாங்கியவன் வாங்கிக்கொண்டு போய்விடலாம். சேர்த்துக்கொள்ளப்பட்டவனைக் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், நாற்காலி அடுக்கக் கூப்பிடுவார்கள், சாவியைத் தொலைத்தால் திட்டுவார்கள். இதெல்லாம் எனக்கு நடந்தது. ஆம், சாவியை ஒருமுறை தொலைத்தேன், திட்டும் வாங்கினேன்.

எல்லோரும் ஒரே மாதிரி இருந்தீர்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். என்னைக் கடக்கும்போது கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. நான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எழுந்து போன குடும்பம் இன்றும் வேறு பெஞ்சில்தான் உட்காருகிறது. அவர்கள் நினைத்திருந்தால் சபைக் குழுவுக்குப் புகார் எழுதியிருக்கலாம்; எழுதவில்லை. அதற்கும் நன்றி. காலை ஐந்து மணிக்கு என்னைத் தட்டி எழுப்பி, "நன்றாகத் தூங்கினீர்களா?" என்று தினமும் விசாரித்த பெரியவருக்கு மட்டும் நன்றி சொல்ல இன்னும் மனம் வரவில்லை.

இப்போது எனக்கு ஓர் அறை இருக்கிறது. சிறியது, ஜன்னல் ஒன்று. வேறோர் அச்சகத்தில் பாதிநாள் வேலை. இந்த இதழின் பிழை திருத்தமும் என் பொறுப்பு. இந்தப் பக்கங்களில் தப்பு இருந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு செய்தி. தாழ்வாரத்தின் கடைசி மூலையில், வானொலிப் பெட்டியை மார்போடு அணைத்துத் தூங்கும் பெரியவர் மழைக்காலத்தோடு எங்கோ போய்விட்டார். கண் மருத்துவமனையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. பிரித்துப் பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை. அவரை எங்காவது பார்ப்பவர்கள் சொல்லுங்கள்: டப்பா அதே அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. இரவில் வந்தாலும் பரவாயில்லை, அலுவலக அறையின் சாவி இப்போது என்னிடம்தான்.

இப்படிக்கு,
உங்கள் பிழை திருத்துபவன்