தவணைக்கு ஒரு தடவை

பாண்டியன்குளம்
ஐப்பசி 18

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதமும், மகளிடம் கொடுத்துவிட்ட கஜுவும் வந்து சேர்ந்தன. மனுசி கஜுவைப் பிரித்து, பாதியைத் தீபாவளிக்கென்று போத்தலில் போட்டு மூடி வைத்திருக்கிறாள். நாங்கள் எல்லோரும் சுகம். வவுனிக்குளத்துக்குக் கீழே விதைப்பு முக்கால்வாசி முடிந்துவிட்டது. என் வயலில் கடைசித் துண்டு மட்டும் ஈரம் காணாமல் கிடக்கிறது. இரண்டு நாளாக மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் இன்னும் விழவில்லை. போன கிழமை யானை ஒன்று பின்வேலியை மிதித்துவிட்டுப் போனது. தென்னம்பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீ கடிதத்தில் கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். "மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றப் பிள்ளையை ஏன் ஒயிலுக்குள் கை வைக்க விட்டாய், கராஜில் கொடுத்தால் செய்து தரமாட்டார்களா" என்று எழுதியிருந்தாய். நீ அவளுடைய தகப்பன், அப்படிக் கேட்பதில் பிழை இல்லை. ஆனால் நடந்ததை முழுதாகத் தெரிந்துகொண்டால் நீயும் என்னைப்போலத்தான் செய்திருப்பாய்.

புரட்டாதி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை உன் மகள், தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் வீட்டுப் படலையடியில் நிறுத்தினாள். "மாமா, மோட்டார் சைக்கிளில் ஒரு சத்தம் வருகிறது, ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்" என்றாள். கேட்டேன். எஞ்சினின் தலைப்பக்கத்திலிருந்து தையல் மெசின் ஓடுவதுபோல டிக் டிக் என்று ஒரு தட்டல். உடனே நிறுத்தச் சொன்னேன். ஒயில் பார்க்கும் கம்பியை எடுத்தால், மச்சான், நுனியில்கூட ஒன்றும் இல்லை. குனிந்து கீழே பார்த்தேன். ஒயில் வடிக்கும் போல்ட்டைச் சுற்றிச் சிவப்புக் கிரவல் தூசி களிமண்போல அப்பியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு கராஜில் ஒயில் மாற்றியிருக்கிறாள். அங்கே அந்த போல்ட்டை நீட்டுப் பிடி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். எஞ்சின் பெட்டி அலுமினியம், போல்ட் இரும்பு. அப்படி இறுக்கினால் புரி அறுந்துபோகும். அறுந்த புரி வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒரு மாதம் ஒழுகியிருக்கிறது. எஞ்சின் தலைக்குத்தான் ஒயில் கடைசியாகப் போய்ச் சேரும், அதனால்தான் முதல் சத்தமும் அங்கிருந்து வந்தது. இன்னும் நாலைந்து நாள் அப்படியே ஓடியிருந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்திருக்கும். பிடித்தால் பின்சில்லு அந்த இடத்திலேயே இறுகி நின்றுவிடும். அவள் போய்வரும் பாதையில் ஆறு கிலோமீற்றருக்கு ஒரு வீடும் இல்லை, இரண்டு பக்கமும் காடு. நான் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

புரியை வவுனியாவில் லேத் வேலை செய்யும் ஓர் இடத்தில் புதிதாக வெட்டி, உள்ளே கம்பிச்சுருள் வைத்துச் சரிசெய்து, தற்காலிகமாக ஒயில் ஊற்றி ஓட்டி வந்தேன். அது முடிந்த பிறகுதான் பிள்ளையைக் கூப்பிட்டு, "இனி இதை நீதான் செய்யப்போகிறாய், நான் பக்கத்தில் இருப்பேன்" என்றேன். காசு மிச்சம் பிடிக்கச் சொல்லவில்லை. ஒயில் மாற்றுகிறவர் பள்ளிக்கூடத் தவணைக்கு ஒரு தடவையாவது அந்த எஞ்சினுக்குக் கீழே குனிந்து பார்ப்பார். ஓட்டுகிறவளே பார்த்தால் எது வழமை, எது புதுசு என்று அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

எனக்கே இந்தக் கை 2022 இல்தான் திரும்பி வந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் தந்த காலம் உனக்கு நினைவிருக்கும். கராஜுக்குப் போய்வரவே அதில் ஒரு பங்கு போய்விடும், ஒயில் விலையும் அப்போது எட்டாத உயரத்தில் இருந்தது. அப்படித்தான் ஸ்பானரை மறுபடியும் எடுத்தேன். எடுத்தவுடன் முதலில் வந்தது உன் ஞாபகம்தான். நாங்கள் இரண்டு பேரும் ஓடிய அந்த ஹொண்டா எம்.டி.90 மோட்டார் சைக்கிள்! போர்க்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓட்டினோமே. சூப்பிப் போத்தலால் பெற்றோலை நாலு துளி பீய்ச்சி, உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு மல்லாவிச் சந்தைக்கு. ஒருநாள் நீ ஒயில் கம்பியைப் பார்த்துவிட்டு "மச்சான், ஒயில் குறையவில்லை, கூடியிருக்கிறது" என்று சந்தோஷப்பட்டாய். கூடியது மண்ணெண்ணெய். சரியாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்து, அதைத் தண்ணீர்போல ஆக்கியிருந்தது. அன்றைக்குப் புது ஒயில் எங்கே கிடைத்தது? பழையதைப் போத்தலில் ஒரு கிழமை தெளியவிட்டு, மேலே இருப்பதைச் சாரத் துணியில் வடித்து, மறுபடி ஊற்றினோம். 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகு முதல்முறையாகக் கடையில் முத்திரை உடைக்காத ஒயில் போத்தலைக் கையில் வாங்கியபோது அதை மணந்து பார்த்தேன். உனக்கும் அப்படி இருந்திருக்கும்.

உன் மகளின் ஸ்பிளெண்டர் எஞ்சினும் அதே ஹொண்டா வம்சம்தான். சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்தபடி, ஒயில் போல்ட் அடிவயிற்றில். அதனால் எனக்குப் பழகிய வேலை.

கட்டாயம் வேண்டியது 17 நம்பர் ரிங் ஸ்பானர் ஒன்றுதான். மற்றதெல்லாம் வீட்டில் இருந்தது. மனுசி கழித்துவிட்ட தாச்சி, புனல், பழைய சாரம், விரிக்க ஒரு உரப்பை, ஒரு வெறும் ஒயில் போத்தல். முற்றத்தில் மட்டமான இடம் பார்த்து நடு ஸ்டாண்டில் நிறுத்தினோம். முதலில் மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். இளஞ்சூட்டில் ஒயில் இளகி, அடியில் படிந்த அழுக்கையும் கலக்கிக்கொண்டு வெளியே வரும். நீண்ட ஓட்டம் ஓடி வந்த கையோடு திறக்கக்கூடாது, கை வெந்துவிடும்.

பிறகு போல்ட்டைச் சுற்றியும், மேலே கம்பி மூடியைச் சுற்றியும் துணியால் துடைக்கச் சொன்னேன். எங்கள் கிரவல் பாதைக்கு இது முக்கியம் மச்சான். அந்தச் சிவப்புத் தூசி அரைக்கல்லைப்போலத் தேய்க்கும். மூடியைத் திறக்கும்போது அதில் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் புது ஒயில் ஊற்றிய பலன் போய்விடும்.

போல்ட் கழற்றுவதில்தான் பிள்ளை தடுமாறினாள். எஞ்சினுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டு திருப்பினால் திசை மாறிவிடும், கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கிவிடுவோம். "போல்ட்டின் தலையை நேரே பார்ப்பதுபோல மனதில் வை, மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பு" என்றேன். உரப்பையில் படுத்து, கீழே தலையை நீட்டிப் பார்த்து, அவளே கண்டுபிடித்துக் கழற்றினாள். ஒயில் தாச்சிக்குள் விழுந்தபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சாவியை நிறுத்திவிட்டு, நாலு தரம் மெதுவாக உதைக்கச் சொன்னேன், மிச்சமும் வந்தது.

வந்த ஒயிலைக் கொட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தோம். இந்தப் பகுதியைத்தான் நான் அவளுக்கு அதிகம் சொன்னேன். கறுப்பாக இருப்பது குற்றமில்லை, ஒயில் தன் வேலையைச் செய்து கரியை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மாரியில் பாலியாறு பெருகிப் பாதைக்கு மேலால் ஓடும்போது, சைலன்சர் மூழ்கத் தண்ணீருக்குள்ளால் ஓட்டினால் அப்படி ஆகும். அப்படி வந்தால் கிலோமீற்றர் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். பெற்றோல் மணந்தால் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு விரலுக்கிடையில் ஒரு துளி வைத்துத் தேய்த்து வெயிலில் பிடித்தால் மினுங்கும் துகள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் உள்ளே ஏதோ அரைபடுகிறது, அப்போது கராஜ்தான், வீட்டில் தீராது. அவளுடையதில் கொஞ்சம் மினுங்கல் இருந்தது. ஒயில் இல்லாமல் ஓடிய அந்த நாட்களின் தேய்மானம் என்று நினைக்கிறேன். அதனால் இந்த ஒயிலை 500 கிலோமீற்றரிலேயே ஒருமுறை வடித்துப் பார்க்கப்போகிறோம்.

போல்ட்டுக்குப் புது வோஷர் போட்டோம். நசுங்கிப் பிடிப்பதற்காகவே செய்த மெல்லிய வோஷர் அது, பழையது இரண்டாம் தரம் சரியாகப் பிடிக்காது. ஸ்பானரைத் தொடாமல் விரலாலேயே கடைசிவரை திருகச் சொன்னேன். விரலுக்குச் சுகமாக ஏறினால் புரி நேராக இருக்கிறது. பிறகு ஸ்பானரைக் கிட்டப் பிடித்து, மணிக்கட்டின் பலத்தால் மட்டும் ஓர் இறுக்கு. "இவ்வளவு போதுமா மாமா?" என்று மூன்று தரம் கேட்டாள். போதும்.

ஊற்றும்போது இன்னொரு பிழை எல்லோரும் விடுவது, போத்தலில் இருக்கும் ஒரு லீற்றரையும் கவிழ்ப்பது. இந்த எஞ்சினுக்கு வடித்துவிட்டு ஊற்றும்போது 800 மில்லிலீற்றர்தான். கூடினால் நுரைக்கும், சீல் வழியாக ஒழுகும். 750 ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஒயில் கீழே இறங்கும்வரை பொறுத்து, கம்பியைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்த்தோம். மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஒரு மூடி ஊற்றியதும் சரியாக வந்தது.

ஒயில் வாங்கும்போது போத்தலில் "ஜாசோ எம்ஏ" என்ற மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான தர அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் நீ வாங்கி அனுப்புவதென்றாலும் இதைக் கவனி. மோட்டார் சைக்கிளில் கிளட்ச் தட்டுகளும் கியரும் இதே ஒயிலுக்குள்தான் கிடக்கின்றன. சில கார் ஒயிலில் வழுக்கலைக் கூட்டும் மருந்து கலந்திருப்பார்கள், அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. ஸ்பிளெண்டருக்கு ஒயிலின் தடிப்பு 10டபிள்யு30. இந்த எஞ்சினுக்குக் காகித பில்டர் கிடையாது, சுழன்று அழுக்கைப் பிடிக்கும் ஒரு கிண்ணம் வலப்பக்க மூடிக்குள் இருக்கிறது. அதைக் கழற்றிக் கழுவும் வேலையை வருடத்துக்கு ஒருமுறை நம்பிக்கையான கைக்குக் கொடுக்கலாம். அது பிள்ளைக்கு வேண்டாம்.

கம்பனிப் புத்தகத்தில் 6000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்றிருக்கிறது. அது நல்ல பாதைக்கு. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போய்வர ஒரு நாளைக்கு 36 கிலோமீற்றர், ஒரு தவணைக்குக் கிட்டத்தட்ட 2300. ஆகவே ஒவ்வொரு தவணை முடிவிலும் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டோம். மறக்கவும் மாட்டாள். சனிக்கிழமைகளில் கம்பியை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். மாற்றிய நாளையும் மீற்றர் கணக்கையும் ஒரு துண்டில் எழுதி, சீற்றுக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள். வாத்தியாரம்மா அல்லவா, எழுத்து அவ்வளவு வடிவு.

பழைய ஒயிலைப் பற்றி அவளோடு கொஞ்சம் வாக்குவாதம் வந்தது, அதில் அவள் சொன்னதுதான் சரி. நான் வழமைபோல வேலிக் கட்டைக்குப் பூசலாம், கறையான் வராது என்றேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அவள் விடவில்லை. "மாமா, கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது?" என்று கேட்டாள். 2015 இல் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் கழிவு ஒயில் கலந்த பிரச்சினையை வடக்கு முழுக்கப் பேசினோமே, அதை எடுத்துச் சொன்னாள். மழை கட்டையைக் கழுவும், கழுவியது மண்ணுக்குள் போகும், இந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். புனல் வைத்து வெறும் போத்தலில் ஊற்றி மூடிவிட்டோம். நாலைந்து போத்தல் சேர்ந்ததும் கழிவு ஒயில் வாங்கிச் சேர்க்கும் கராஜில் கொடுக்கப்போகிறேன். பாவித்த ஒயில் தோலுக்கும் கெடுதல், நெடுநாள் பட்டால் புற்றுநோய்வரை கொண்டுபோகும் பொருள்கள் அதில் உண்டு. அதனால் கையுறை வாங்கிவிட்டேன், நீ கவலைப்படாதே. அன்று பட்ட கறையைச் சீனியும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து மனுசி கழுவிவிட்டாள்.

மார்கழி விடுமுறைக்கு அவள் மட்டக்களப்புக்கு வருமுன் அடுத்த மாற்றல் வரும். நீ அதற்கு முன்பு ஒரு சனிக்கிழமை பார்த்து இங்கே வரப் பார். அவள் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். வரும்போது 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு ஏற்ற வோஷர் ஐந்தாறு வாங்கி வா, இங்கே கடையில் முடிந்துவிட்டது. அந்தப் பழைய சூப்பிப் போத்தல் உன்னிடம்தான் இருக்கிறது என்று எனக்கு ஒரு நினைவு. இருந்தால் அதையும் கொண்டுவா, பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.

இதை எழுதி முடிக்கும்போது கூரையில் முதல் துளிகள் விழுகின்றன. வெளியே காயப்போட்ட உரப்பையை எடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்