கண்டங்கள் நகர்வது யாருடைய நம்பிக்கை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில், 'கண்டங்கள் மெல்ல நகர்வதாக விஞ்ஞானிகள் நம்புகிறார்கள்' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1912இல் ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரட் வேகனர் இதைச் சொன்ன காலத்தில் அப்படி எழுதியிருந்தால் சரி. கண்டங்களை நகர்த்தும் விசை எது என்பதற்கு அவரிடம் திருப்தியான விடை இல்லை. புவியியலாளர்கள் பலர் அவரை ஏற்கவும் இல்லை. 1960களில் கடலடிப் பாறைகளில் பதிந்திருந்த காந்தத் தடங்கள் சான்றாக வந்தன. இன்றோ செயற்கைக்கோள் வழியாக, ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்தே சொல்கிறார்கள். அளந்து பார்த்ததை யாராவது 'நம்புகிறேன்' என்பார்களா? இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் வருத்தம் கூடுகிறது.

நான் பள்ளியில் அறிவியல் நடத்தியவன். பரிணாமப் பாடத்தின்போது ஒரு மாணவன் எழுந்து, "சார், அது அவங்க நம்பிக்கை. எங்க வீட்டு நம்பிக்கை வேற" என்றான். புத்திசாலிப் பையன். எங்கே படித்தாய் என்று கேட்டால் ஒரு நாளிதழைக் காட்டினான். அதிலும் இதே 'நம்புகிறார்கள்'தான். புதைபடிவங்களையும் மரபணுவையும் சொல்லி விளக்கினேன். அச்சில் வந்த அந்தச் சொல்லை அவன் மனதிலிருந்து எடுக்க என்னால் முடியவில்லை.

அப்புறம் இந்த 'நம்பப்படுகிறது'. தீ விபத்துக்கு மின்கசிவே காரணம் என நம்பப்படுகிறதாம். நம்புவது யார்? தீயணைப்புத் துறையா, அக்கம்பக்கத்தாரா, செய்தியாளரா? 'நம்பத் தகுந்த வட்டாரங்கள்' என்கிறீர்கள். அவர்கள் தகுதியை நாங்கள் எப்படி அறிவது? முன்பும் இது பற்றி எழுதினேன், பதில் இல்லை.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். அதனாலேயே கூடுதலாக வலிக்கிறது. நண்பனை நம்புவது, நாளை நல்லது நடக்கும் என்று நம்புவது, இறைவனை நம்புவது என்று ஏற்கெனவே அந்த ஒரு சொல் எத்தனையோ சுமக்கிறது. அளந்தறிந்ததையும் வெறும் ஊகத்தையும் அதன் தலையிலேயே ஏற்றினால் அறிவியலுக்கும் மரியாதை இல்லை, நம்பிக்கைக்கும் இல்லை. ஒருவரை நம்புவதைக்கூட 'தெளிதல்' என்றவர் வள்ளுவர். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்று 510ஆம் குறளில் சொல்லியிருக்கிறார். அவர் எழுதிய மொழியில் நமக்கு இவ்வளவு அலட்சியம் தகுமா?

நான் கேட்பது சிறிதுதான். உறுதியானதற்குக் 'கண்டறிந்துள்ளனர்' என்றும், உறுதியாகாததற்குக் 'கருதுகின்றனர்' என்றும் போடுங்கள். கருதுபவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஞாயிறு இதழின் அந்த வரிக்கு ஒரு திருத்தம், மூலையில் சிறிய எழுத்தில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்