பொனேரின் 'பொம்மை வீடுகள்'

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில், கரீபியக் கடலில் இருக்கும் டச்சுத் தீவான பொனேர் பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். பெக்கல்மேர் உப்பேரிப் பக்கம் வரிசையாக நிற்கும் குடில்களை 'செல்ஃபிக்கு ஏற்ற பொம்மை வீடுகள்' என்று போட்டிருக்கிறீர்கள். அவை 1850இல் அடிமைகளுக்காகக் கட்டியவை என்பது தாங்கள் அறியாததா? இடமில்லாமல் வெட்டியிருப்பீர்கள். ஹோட்டல் நீச்சல்குளத்துக்கு மட்டும் அரைப் பக்கம் கிடைத்திருக்கிறது.

நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். உப்பு ஏற்ற அங்கே போனபோது ஒரு குடிலுக்குள் நுழைந்து பார்த்தேன். வாசல் இடுப்பளவுதான், உள்ளே நிமிர முடியாது. நான் ஒன்றும் நெட்டையன் இல்லை. பகலெல்லாம் உப்பு வெட்டியவர்கள் ராத்திரி அதற்குள்தான் முடங்கினார்கள். வாரக் கடைசியில், தீவின் வடக்கே ரின்கோன் என்ற ஊரில் இருந்த குடும்பத்தைப் பார்க்க மணிக்கணக்கில் நடந்தார்கள். எஜமானர் வேறு யாருமல்ல, டச்சு அரசாங்கமே. விடுதலை 1863இல், டச்சுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2022 டிசம்பரில்! கட்டுரையாளர் 'ஏதோ நினைவுச் சின்னம்' என்று தாண்டிப்போகும் தூண்கள், உப்பு ஏற்ற வந்த கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதற்காக நட்டவை.

அப்புறம் பறவைகள். உங்கள் பத்திரிகைக்கும் பூநாரைக்கும் என்ன பகையோ, இந்த முறை 'கொக்குக் கூட்டம்' ஆக்கிவிட்டீர்கள். முன்பு கோடியக்கரைப் பூநாரைகளைச் செங்கால் நாரை என்று போட்டபோதும் எழுதினேன். பதில் இல்லை. சந்தா முடிந்தால் மட்டும் நினைவூட்டல் தவறாமல் வருகிறது. வெயிலில் சிவந்த பறவைகளாம்! அப்படியென்றால் தூத்துக்குடிக்காரர்கள் நாங்கள் எல்லோரும் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். உப்புநீரில் வாழும் சிற்றிறாலையும் ஈப்புழுவையும் தின்று வரும் நிறம் அது.

சரி, இதெல்லாம் போகட்டும். 'கிட்டே போய்ப் படமெடுங்கள்' என்ற யோசனையைத்தான் பொறுக்க முடியவில்லை. கரீபியப் பூநாரை குஞ்சு பொரிக்கும் இடங்கள் சிலவே. பெக்கல்மேர் அதில் ஒன்று. ஆள் நடமாட்டத்தில் மிரண்டால் கூட்டையே விட்டுப் போய்விடும். அதனால்தான் உப்பளத்துக்கு நடுவே சுமார் 55 ஹெக்டேரை ஒதுக்கி, யாரும் நுழையக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். லாபத்துக்கு உப்பு விளைவிக்கும் கம்பெனிக்கு இருக்கும் நிதானம் நம் பயணக் கட்டுரைக்கு இல்லை.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போதும்: அவை அடிமைக் குடில்கள், அந்தப் பறவை பூநாரை. ராசிபலன் பக்கத்தின் ஓரத்தில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தூத்துக்குடி