எங்கள் போலரைசருக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரை, புனல் வடிவ ஹார்ன் ஆன்டெனாவிலிருந்து ஒரே தளத்தில் ஆடி வரும் நேர்க்கோட்டு அலையை, சுழன்றபடி செல்லும் வட்டப் போலரைசேஷனுக்கு மாற்றும் தகட்டை, அதாவது போலரைசரை, ஒருவழியாக அளந்து முடித்துவிட்டோம். இந்த அதிர்வெண் பட்டை முழுக்க ஆக்சியல் ரேஷியோ, அதாவது வட்டம் எவ்வளவு சப்பியிருக்கிறது என்பதன் அளவு, 3 டெசிபலுக்குள் நிற்கிறது. ஆய்வேட்டில் நெறியாளருக்கு எப்படியும் இடமுண்டு. மற்றவர்கள் ‘மற்றும் பலர்’ ஆகிவிடக் கூடாதென்றுதான் இந்த மடல்.

முதலில் பிசிபி (மின்சுற்றுப் பலகை) கடை அண்ணன். தகட்டில் பதிக்க வேண்டிய செப்புக் கோடுகளின் பிலிமைப் பார்த்ததும், “கோடு ஏம்ப்பா இப்படிப் பாம்பு மாதிரி நெளியுது?” என்றார். நான் விளக்கினேன்: கோட்டுக்கு 45 டிகிரி சாய்வில் வரும் அலை இரண்டு கூறுகளாகப் பிரியும். நெளிகோட்டின் போக்கில் இருக்கும் கூறுக்கு அது மின்தூண்டியாகவும் (இண்டக்டர்), குறுக்கே இருப்பதற்கு மின்தேக்கியாகவும் தெரியும். ஒன்றின் கட்டம் (அலை ஏறி இறங்கும் நேரக்கணக்கு) முந்தும், மற்றது பிந்தும். அதிர்வெண் ஏற ஏற முந்துவது குறையும், பிந்துவது கூடும். அதனால் இரண்டுக்கும் உள்ள கட்ட இடைவெளி, வட்டப் போலரைசேஷனுக்குத் தேவையான 90 டிகிரியை ஒட்டியே நிற்கும். அகலப் பட்டையின் சூட்சுமமே இதுதான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ கோட்டு அகலம்தான் உசுரு. அமிலம் பக்கவாட்டிலும் தின்னும், பிலிம்லயே கொஞ்சம் கூட்டி வை” என்றார். சிறு துண்டை அமிலத்தால் அரித்து (எட்ச் செய்து), லென்ஸில் அகலத்தைப் பார்த்த பிறகே பெரிய தகட்டைத் தொட்டார். எந்த சிமுலேஷனும் சொல்லாத பாடம் அது.

எங்கள் போலரைசர் கோடு பதித்த பல அடுக்குகளால் ஆனது. அடுக்குகளுக்கு இடையே கால் அலைநீளம், அதாவது 10 கிகாஹெர்ட்ஸில் சுமார் 7.5 மில்லிமீட்டர், நுரைப் பலகை. பட்டறை ஐயா பசையை ஓரங்களில் மட்டும் தடவி, மரச்சட்டத்தில் நைலான் திருகு போட்டுத் தந்தார். இரும்புத் திருகைக் கண்ணிலேயே காட்டவில்லை!

அளவீட்டுக்கூட மேடத்துக்குத் தனி நன்றி. அலையைப் பெறும் ஹார்னைச் சுழற்றச் சுழற்ற அளவு தாறுமாறாக ஆடியது. தகட்டைச் சுற்றிக்கொண்டு வரும் அலைதான் காரணம் என்று கண்டுபிடித்து, சட்டத்தைச் சுற்றி உறிஞ்சும் நுரையை அடுக்கினார். ஆட்டம் அடங்கியது.

நெறியாளர் கொடுத்தவை இரண்டு. ஒன்று, யங், ராபின்சன், ஹேக்கிங் மூவரும் 1973-ல் எழுதிய நெளிகோட்டுப் போலரைசர் கட்டுரை. மற்றொன்று, 1898-ல் ஜகதீஷ் சந்திர போஸ் முறுக்கிய சணல் கற்றையால் மின்னலையின் போலரைசேஷன் தளத்தைத் திருப்பிக் காட்டிய கட்டுரை. சணலாம்! எங்களுக்குப் பிலிமும் அமிலமும் இருந்தும் இந்தப் பாடு.

அடுத்து 18 கிகாஹெர்ட்ஸ் வரை போகலாம் என்கிறார் நெறியாளர். அண்ணே, கோடு இன்னும் மெலியும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆன்டெனா ஆய்வக மாணவன்